தோலுக்கு அடியில் பழுப்புக் கோடு

நான் வேலை பார்த்த கொள்முதல் மையத்தில் இப்போது வாழைக்காயைக் கேமராதான் பார்க்கிறது. ஒரு சீப்பைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினால் திரையில் ‘ஏ’ என்றோ ‘பி’ என்றோ எழுத்து வருகிறது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, என் இடத்தில் இப்போது இருக்கும் பிரேமா அதை எனக்குக் காட்டினார்.

“உங்க காலத்துல எல்லாம் கையாலதானே மேடம் பாத்தீங்க? தப்பு வராதா?” என்று கேட்டார்.

“வரும். நானே பண்ணியிருக்கேன்” என்றேன்.

அவர் சிரித்தார். நான் தன்னடக்கத்துக்குச் சொல்வதாக நினைத்துவிட்டார். உண்மை அதுவல்ல. ஏறக்குறைய மூன்று வாரம், இருபத்திரண்டு குடும்பங்களின் நல்ல காயை நான் ‘முற்றாத காய்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே முடிவு செய்தேன், இதை எழுதி வைத்துவிட வேண்டும் என்று.

என் பெயர் சகாயமேரி. கணவருக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. நான் தாவரவியல் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு ஜாம் கம்பெனியில் ஆய்வக உதவியாளராகப் பன்னிரண்டு வருஷம் இருந்தேன். அந்தக் கம்பெனி மூடியபோது எனக்கு நாற்பதை ஒட்டிய வயது. அப்போதுதான் பழமும் காய்கறியும் விற்கும் ஒரு பெரிய கடைத் தொடர், ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, மேலூரைத் தாண்டிக் கொள்ளிடக் கரையோரம் ஒரு கொள்முதல் மையம் திறந்தது. தரம் பார்க்க ஆள் கேட்டார்கள். போனேன், கிடைத்தது. காலையில் பொன்மலையிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து ஸ்ரீரங்கம், பிறகு ஒரு ஷேர் ஆட்டோ. இருபது வருஷம் அதே தடத்தில் போய் வந்தேன்.

மையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை, கழுவுகிற தொட்டி இரண்டு, எடை மேடை, நீள மேஜை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதுவரை எல்லோரும் பூவன்தான் போட்டிருந்தார்கள். தாரை வெட்டி காந்தி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் மண்டியில் இறக்குவார்கள். கம்பெனி கேட்டது ஜி-9 என்கிற ரகம். ஒரே மாதிரி மஞ்சளாகப் பழுத்து நகரத்துக் கடைகளில் பார்வையாக இருக்கும் என்றார்கள். கன்று கொடுத்தார்கள், தாருக்கு உறை போடச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்திருந்தவர்கள், அதிலும் பாதிப் பேர் குத்தகைக்குப் பயிர் செய்தவர்கள், பூவனை எடுத்துவிட்டு ஜி-9 போட்டார்கள். அப்படிச் சேர்ந்தது அந்த இருபத்திரண்டு பேர் குழு. உள்ளூரில் அந்தக் காய்க்கு அவ்வளவு கிராக்கி கிடையாது. கம்பெனி வேண்டாம் என்றால் மரத்தில் நிற்கிற காயை என்ன செய்வது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மையத்துக்கு மேலாளர் ரங்கராஜன் சார். ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து சைக்கிளில் வருவார். நெற்றியில் மெல்லிய சூர்ணக் கோடு, சட்டைப் பையில் ஒரு பென்சில். பேனாவால் எழுதி நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். லோடு ஏற்றுகிறவர்களைக்கூட ‘வாங்கோ’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் விவசாயிகளுக்கு அவரிடம் ஒரு பயம் இருந்தது, ஏனென்றால் அவரிடம் வாதாட முடியாது. நாம் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி, “இதானே சொன்னேள்?” என்பார். அப்படிக் கேட்கும்போது நமக்கே அதில் ஓட்டை தெரிந்துவிடும்.

சேர்ந்த முதல் வாரம் என் அறிக்கையில் ‘சுமார் பத்துக் காய் வடுவுடன்’ என்று எழுதியிருந்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“சுமார்னா எத்தனை?”

“ஒன்பது, பத்து இருக்கும் சார்.”

“போய் எண்ணிண்டு வாங்கோ. எந்தத் தார், எத்தனாவது சீப்பு, எந்தப் பக்கம். அவா பத்து மாசம் வளர்த்திருக்கா. நாம பத்து நிமிஷம் எண்ணலாம்.”

எண்ணினேன். பதினொன்று இருந்தது.

வேலையின் முறை இதுதான். தாரின் இரண்டாவது சீப்பில் நடுக் காயை எடுப்போம். அதன் ஓரங்கள் எவ்வளவு மழுங்கியிருக்கின்றன என்று விரலால் தடவிப் பார்ப்போம். காய் இளசாக இருந்தால் ஓரம் கூராகத் தட்டுப்படும். முக்கால் பங்கு முற்றினால் உருண்டுவிடும். பிறகு இடுக்கியால் தடிமன் அளப்போம். சந்தேகம் இருந்தால் குறுக்கே அறுத்து உள்சதையின் நிறம் பார்ப்போம். மூன்றும் சரியாக இருந்தால் சீப்புகளைப் பிரித்து, பால் போகக் கழுவி, உலர்த்திப் பெட்டியில் அடுக்குவோம். மாலையில் குளிர் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். மறுநாள் விடிந்ததும் சென்னைக் கிடங்கில் இறங்கும்.

ஏழெட்டு வருஷம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. அதன் பிறகு ஒரு மாசி மாதத்தில் சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் படங்கள் வரத் தொடங்கின. பழுத்த பழம் மஞ்சளாக இல்லாமல், சாம்பல் பூத்தது மாதிரி மங்கிக் கிடந்தது. கீழே ஒரு வரி: ‘முற்றாத காய். விவசாயிகள் முன்கூட்டியே வெட்டுகிறார்கள். கடுமையாகப் பார்க்கவும்.’

கடுமையாகப் பார்த்தேன். இங்கேதான் நான் சறுக்கினேன். என் விரலுக்கு ஓரம் உருண்டு தெரிந்தது. இடுக்கி அளவு சரியாக இருந்தது. ஆனாலும் சென்னையில் பெரிய படிப்புப் படித்தவர்கள் சொல்கிறார்களே, நமக்குத் தெரியாத ஏதோ இருக்கும் என்று நினைத்தேன். சந்தேகத்துக்கு இடமான காயை எல்லாம் ஒதுக்கினேன். ஒதுக்கியதற்குக் காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் ‘முற்றாத காய்’ என்று எழுதினேன். ரங்கராஜன் சார் அந்தச் சமயத்தில் கண் அறுவை சிகிச்சைக்காக மூன்று வாரம் விடுப்பில் இருந்தார். அவர் இருந்திருந்தால் அப்படி எழுத விட்டிருப்பாரா தெரியவில்லை. அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை.

குழுவுக்குத் தலைவி தனலெட்சுமி. ஏறக்குறைய என் வயது. ஒன்றே கால் ஏக்கர் குத்தகை நிலம். கணவருக்கு முதுகுத் தண்டில் கோளாறு என்பதால் தார் வெட்டுவது, சுமப்பது எல்லாம் தனலெட்சுமிதான். இரண்டு வாரம் என் முடிவைப் பொறுத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“முத்தலைன்னு சொன்னீங்க. ஒரு வாரம் விட்டு வெட்டினேன். மறுபடி முத்தலைங்கிறீங்க. இன்னும் விட்டா மரத்துலயே வெடிச்சிரும் மேடம். நான் எப்பத்தான் வெட்டுறது?”

“சென்னையில ஒத்துக்க மாட்டேங்கறாங்கம்மா. என் கையில இல்ல” என்றேன்.

“உங்க கையிலதானே இடுக்கி இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ரங்கராஜன் சார் கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பிய நாளில் தலைமை அலுவலகக் கடிதமும் வந்தது. தரக் குறைவு காரணமாக, மாதக் கடைசியோடு இந்த மையத்தில் சிறு விவசாயிகளிடம் வாங்குவது நிறுத்தப்படும். இனி வேறு மாவட்டத்தில் இருக்கும் இரண்டு பெரிய தோட்டங்களிலிருந்து நேரடியாக ஏற்றப்படும். சார் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

விஷயம் குழுவுக்குத் தெரிந்த மறுநாளே தனலெட்சுமி வந்தார். அழவில்லை, சத்தம் போடவில்லை. பையிலிருந்து பழுத்த சீப்பு இரண்டை எடுத்து மேஜையில் வைத்தார். பளிச்சென்ற மஞ்சள். ஒரு பழத்திலும் சாம்பல் இல்லை.

“இது போன வாரம் உங்களுக்குப் போட்ட அதே தார் சார். கடைசி ரெண்டு சீப்பு சின்னதா இருக்குன்னு நீங்க எடுக்கல. வீட்டுல அரிசிப் பானைக்குள்ள வச்சேன். இது முத்தாத காயா?”

சார் ஒரு பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“ஒரு தாரை வச்சு நான் சொன்னா அவா கேக்க மாட்டா. பத்துத் தார் குடுக்க முடியுமா? பத்து பேர்கிட்டேர்ந்து, ஆளுக்கு ஒண்ணு.”

“நாளைக்கே தரோம்.”

பிறகு சார் என் பக்கம் திரும்பினார். “மேரி, அந்தக் காயெல்லாம் முத்தலைன்னு நீங்க எழுதியிருக்கேள். உங்க அளவு என்ன சொல்லித்து?”

“அளவு சரியாத்தான் சார் இருந்துச்சு” என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பென்சிலை எடுத்துத் தாளில் கட்டம் போட ஆரம்பித்தார்.

ஏற்பாடு இப்படி. பத்துத் தாரிலும் இரண்டாவது, மூன்றாவது சீப்பை எடுத்து, காம்பில் ஒன்று முதல் பத்து வரை எண் எழுதினோம். இரண்டாவது சீப்புகள் மையத்திலேயே இருக்கும். மூன்றாவது சீப்புகள் வழக்கம் போல வண்டியில் சென்னைக்குப் போகும். அங்கே யாரோ பார்த்து எழுதினால் போதாது, நம் ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்றார் சார்.

“நான் போறேன் சார்” என்றேன். அவர் கேட்கும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை.

வண்டி கிளம்பும் அன்று பகல் ரயிலிலேயே நான் சென்னைக்குப் போய்விட்டேன். பெரம்பூரில் ரயில்வே குடியிருப்பில் என் தங்கை இருந்தாள். காலையில் அங்கிருந்து பஸ் பிடித்து, மாதவரத்தைத் தாண்டியிருந்த கிடங்குக்குப் போனேன். என்னிடம் இருந்தது ஒரு கத்தி, ஒரு நோட்டு, காய்க்குள் குத்திப் பார்க்கிற ஊசி முனைத் தெர்மாமீட்டர். கிடங்கின் மேற்பார்வையாளர் பிரபாகர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்.

“இவ்ளோ தூரம் வந்திருக்கீங்களே மேடம். போட்டோதான் அனுப்புறோமே” என்றார்.

வண்டிக் கதவைத் திறந்ததும் பெட்டியை இறக்க விடாமல் நான் உள்ளே ஏறினேன். முன்பாதி முழுக்க மலைப் பக்கத்திலிருந்து வந்த கேரட், பீன்ஸ் மூட்டைகள். பின்பாதியில் எங்கள் வாழை. மாலையில் ஏற்றும்போது நான் கிளம்பிவிட்டிருப்பேன், வண்டிக்குள் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஐந்து பெட்டிகளில் குத்திப் பார்த்தேன். ஒன்பது, ஒன்பது, எட்டு, ஒன்பது டிகிரி. கதவோரமாக இருந்த கடைசிப் பெட்டியில் மட்டும் பன்னிரண்டு. வாழைக்காய்க்குப் பதின்மூன்றுக்குக் கீழே போகக்கூடாது என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தரப்பட்ட பாடம். குளிர் தாங்காமல் தோலுக்கு அடியில் இருக்கும் நரம்புகள் செத்துப் பழுப்பாகிவிடும். ஆனால் அது உடனே வெளியே தெரியாது. பார்வைக்குப் பச்சையாக, அழகாகத்தான் இருக்கும், பழுக்கும்போதுதான் சாம்பலாக மங்கும்.

போனில் சாரிடம் சொன்னேன். அளவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

“குளிர்னு இப்பவே முடிவு கட்டாதீங்கோ. உங்க பத்துச் சீப்பையும் பழுக்கப்போடற ரூமுக்குள்ள விடாம வெளியில வையுங்கோ. இங்கேயும் வெளியிலதான் இருக்கு. தெனம் பத்து மணிக்கு நீங்க ஒவ்வொரு சீப்புலயும் ஒரு காயை அறுங்கோ, நான் இங்க அறுக்கறேன்.”

முதல் நாள் பத்து மணிக்கு இரண்டு பக்கமும் சுத்தம். இரண்டாம் நாள் எனக்கு ஒன்றில் மட்டும் ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதையும் அப்படியே எழுதினேன். அன்று மத்தியானம் பிரபாகர் டீ வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மேடம், ஒண்ணு சொல்றேன். முன்னாடி உங்க வண்டி வாழை மட்டும்தான் ஏத்திட்டு வரும். தை மாசத்துலேர்ந்துதான் மலைக்காயோட சேத்து ஒரே வண்டியாக்கிட்டாங்க. பீன்ஸ் வாடக்கூடாதுன்னு எட்டுல வைக்கச் சொல்லி உத்தரவு. எங்ககிட்ட கேட்டது பீன்ஸைப் பத்தி மட்டும்தான்.”

“இதை நீங்க அப்பவே எழுதியிருக்கலாமே?”

“உங்க காய் முத்தலைன்னு உங்க மையத்துலேர்ந்தே எழுதி வந்துச்சே மேடம்.”

அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை. அவர்கள் சொன்னதை நம்பி நான் எழுதினேன். நான் எழுதியதைப் பார்த்து அவர்கள் நம்பினார்கள். நடுவில் காயை ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பத்து மணி. பிரபாகரையும் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். போனை மேஜையில் வைத்துவிட்டு, முதல் காயின் தோலை மெல்லிசாகச் சீவினேன். பச்சைக்கு அடியில் நூல் நூலாகப் பழுப்புக் கோடுகள்.

“நம்பர் ஒண்ணு?” என்றார் சார்.

“கோடு இருக்கு சார். நாலு.”

“இங்க இல்லை. ரெண்டு?”

“இருக்கு.”

“இங்க இல்லை.”

இப்படியே போய் ஆறாம் எண்ணுக்கு வந்தோம். சீவிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. இன்னொரு இடத்தில் சீவினேன், அதுவும் வெள்ளை.

“ஆறுல இல்ல சார்.”

“இல்லைன்னு எழுதுங்கோ. அது எந்தப் பெட்டியில இருந்தது?”

நோட்டைப் புரட்டினேன். கதவோரப் பெட்டி, பன்னிரண்டு டிகிரி. மீதி ஒன்பதிலும் கோடு இருந்தது. ரங்கராஜன் சாரிடம் இருந்த பத்தில் ஒன்றில்கூட இல்லை. பிரபாகர் தானே முன்வந்து என் தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவர் வேலைக்கு அது நல்லதா என்று எனக்கு அப்போது யோசனை போகவில்லை. பிறகு நன்றியோடு பலமுறை நினைத்திருக்கிறேன்.

திரும்பி வந்த மறுநாள், கொள்முதல் பிரிவின் தலைவரோடு போனில் பேச்சு. சார் ஒலிபெருக்கியில் போட்டார். நானும் தனலெட்சுமியும் அறையில் இருந்தோம். தனலெட்சுமி இருப்பதைச் சார் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். தலைவர் எல்லாவற்றையும் கேட்டார். வண்டியின் குளிரைச் சரிசெய்துவிடலாம் என்று உடனே ஒத்துக்கொண்டார்.

“ஆனா ரங்கராஜன், சின்ன விவசாயிங்க விஷயம் முடிவு பண்ணியாச்சு. இருபத்திரண்டு இடத்துல அலைஞ்சு பொறுக்கறதைவிட ரெண்டு இடத்துல எடுக்கறது சுலபம். தரம் மட்டும் காரணமில்ல.”

சார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். குரல் வழக்கம் போலத்தான் இருந்தது.

“கடிதத்துல நீங்க எழுதின காரணம் தரம். அந்தக் காரணம் இப்போ போயிடுத்து. வேற காரணம் இருந்தா அதை எழுதி அனுப்புங்கோ. இவாள எல்லாம் பூவனை எடுத்துட்டு இதைப் போடச் சொன்னது நாமதான். எங்களுக்கு அலைய சிரமமா இருக்குன்னு நீங்க எழுதினா, அதை அப்படியே இவா எல்லார் முன்னாடியும் நான் படிச்சுக் காட்டறேன். தரம் சரியில்லைன்னு மட்டும் இனிமே என்னால படிக்க முடியாது.”

தலைவர், பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நிற்கிற பயிரும், அதன் கிழங்கிலிருந்து அடுத்து வளரும் மறுதாம்பும் முடியும்வரை வாங்கப்படும், பிறகு பரிசீலனை. வாழைக்குத் தனி வண்டி. ஏற்றும்போதும் இறக்கும்போதும் குளிர் அளவு எழுதப்பட வேண்டும். ஏற்றும்போது விவசாயிகள் தரப்பிலும் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கடைசி வரி சார் கேட்டு வாங்கியது. பரிசீலனை வருஷா வருஷம் வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கையெழுத்துத் தாள்களைக் கட்டுக் கட்டாக எடுத்து வைத்துப் பேசினோம். நான் ஓய்வு பெறும்வரை வாங்குவது நிற்கவில்லை. கேமரா வந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கேமராவும் தோலைத்தான் பார்க்கிறது. அது ‘பி’ என்று சொன்னால், காயை விவசாயி எதிரில் அறுத்துக் காட்ட ஒரு ஆள் அங்கே இருக்க வேண்டும். இதைப் பிரேமாவிடம் சொன்னேன், மையத்துக்கு எழுத்திலும் கொடுத்திருக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கணேசன் என்று ஒருவர் குழுவில் இருந்தார். நிறுத்தப்போகிறார்கள் என்ற முதல் கடிதத்தின் செய்தி கேட்டதுமே பாதி வளர்ந்த வாழையை வெட்டிச் சாய்த்துவிட்டு, குத்தகையையும் விட்டுவிட்டார். இரண்டு வருஷம் கழித்துத் தில்லை நகரில் ஒரு மருத்துவமனை வாசலில் காவலாளி உடுப்பில் அவரைப் பார்த்தேன். “இப்ப நல்லா எடுக்கறாங்களாமே மேடம்” என்றார். “ஆமாங்க” என்றேன். கதவைத் திறந்துவிட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தொடர்ந்து வாங்கலாம் என்ற இரண்டாவது கடிதம் வந்த மறுநாள் நான் தனலெட்சுமியின் வயலுக்குப் போனேன். சார் போகச் சொல்லவில்லை. மோட்டார் கொட்டகைப் பக்கம் குழுவில் மீதி இருந்த இருபத்தொரு பேரும் வந்திருந்தார்கள். நல்ல செய்தி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து உட்கார நாற்காலி போட்டார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

“முத்தாத காய்னு எழுதினது நான்தான். காய் முத்தித்தான் இருந்துச்சு. என் அளவுல சரியா இருந்துச்சு. தெரிஞ்சும் எழுதினேன். தப்பு.”

பின்னால் இருந்த ஒருவர், “தெரிஞ்சும் ஏம்மா எழுதினீங்க?” என்று கேட்டார்.

“சென்னையில இருக்கறவங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும்னு நெனச்சேன்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு அவருக்கு உரிமை இருந்தது. தனலெட்சுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி. இனிமே?” என்றார்.

“இனிமே வேண்டாம்னு ஒதுக்கறதா இருந்தா, உங்க எதிர்க்கவே அறுத்துக் காட்டிட்டுத்தான் எழுதுவேன்.”

“அறுங்க. வண்டி என்னிக்கு வருது?”

“வியாழக்கிழமை.”

“வெட்டி வைக்கிறோம்.”

வியாழக்கிழமை வாழைக்கு மட்டுமான வண்டி வந்தது. தெர்மாமீட்டரோடு நான் ஏறப்போனேன். தனலெட்சுமி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்குள் ஏறி, உள்கோடிவரை போய், மூன்று இடங்களில் வண்டிக்குள் இருந்த குளிரை அளந்து பார்த்தார்.

“பதினாலு. மூணு இடத்துலயும் பதினாலு. எழுதிக்குங்க மேடம்.”

எழுதினேன். அவர் இறங்கி வந்து தாளை வாங்கி, நான் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார். பிறகு என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, கதவைச் சாத்தச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டினார்.